மெக்னீசியத்துக்கு நானே சாட்சி

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் ரெஜினா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். என்ன சாப்பிட்டேன், எப்போது நெஞ்சு கரித்தது, அவருக்கு அவ்வளவுதான் வேண்டும். ஆனால் பருப்பு மில்லில் கொடுத்த இந்த டைரியில் ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. வெறும் இட்லியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை எப்படி நிரப்புவது? மிச்ச இடத்தில் என் இஷ்டத்துக்கு எழுதுவேன். டாக்டரிடம் காட்டும்போது வேண்டாத பக்கங்களை ஊக்கு குத்தி மூடிவிடலாம்.

சித்திரையிலிருந்து இந்த எரிச்சல். படுத்தால் போதும், புளித்தண்ணீர் தொண்டைவரை ஏறி எதுக்களிக்கிறது. டாக்டர் ரோஸ் நிறத்தில் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார், சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூடி குடிக்க வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பிடவே கூடாது என்றார். மருந்து சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பாட்டிலை மேஜையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவருக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது நெஞ்செரிச்சலுக்கு வேறு மருந்து மூட்டை மூட்டையாக இருக்கிறது. மெக்னீசியம் டப்பா, விட்டமின் டப்பா, இரண்டும் கலந்த டப்பா. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு வரை வந்துவிட்டது. முருகன் காலடியில் விட்டமின் சி.

ஜூன் 4, புதன்

ராத்திரி சாப்பிடவில்லை. நாலு தோசை, தக்காளிச் சட்னி. படுத்ததும் கரித்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

இன்று விரதம். பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. காபி மட்டும் மூன்று. சாயங்காலம் கோயிலில் சுண்டல் கொடுத்தார்கள், பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ராத்திரி பலகாரத்தோடு சரி: ஆறு இட்லி, மாவு புளித்துவிட்டதா என்று பார்க்க ஒரு அடை. இவருடைய தட்டில் மிஞ்சிய வடையைக் குப்பையில் போட மனசு வரவில்லை, நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டேன். இப்படி விரதம் இருந்தும் நெஞ்சு தீயாக எரிகிறது. அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

ஜூன் 9, திங்கள்

இவரைப் பற்றி எழுதாமல் இந்த டப்பாக்களைப் பற்றி எழுத முடியாது.

இவர் பெயர் தவசிலிங்கம். முப்பது வருஷம் பருப்பு மில்லில் கணக்குப் பார்த்தார். போன வருஷம் முதலாளியின் மகன் மில்லை விற்றுவிட்டான். ஒரு சால்வையும் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஆறு மாசம். சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார், மறுபடி படுப்பார். என்ன கேட்டாலும் "ம்" என்பார், சண்டை போட்டாலும் "ம்"தான். சண்டைக்காரனோடு குடும்பம் நடத்தலாம், சுவரோடு நடத்த முடியாது. எனக்கு அந்த ஆறு மாசமும் பயமாகவே இருந்தது.

பங்குனியில் பிரதீபன் வந்தான். இருபத்தெட்டு வயசு, இந்த டப்பாக்களை ஆள் சேர்த்து விற்கிற கம்பெனியில் டைமண்ட் என்று ஒரு பதவி. விருதுநகர் வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவன் ஒன்று கோமாளியாக இருக்க வேண்டும், அல்லது கல்யாண மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். அவன் எதையோ பேசினான். இவர் எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் சவரம் செய்துகொண்டு, டப்பா விற்கப் போக ஷூ வாங்கக் கிளம்பினார். அதனால் கோமாளியானாலும் பிரதீபனுக்கு நான் காபி போட்டுக் கொடுக்கத்தான் செய்கிறேன்.

இன்றிலிருந்து நான் ரோஸ் மருந்தைக் குடிக்கக் கூடாதாம். மெக்னீசியம் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வெறும் வயிற்றில் ஆரஞ்சு நிற விட்டமின் மாத்திரை. நம்ம உடம்பில் மெக்னீசியம் குறைந்துபோனதால்தான் நெஞ்செரிச்சல் வருகிறதாம். பிரதீபன் படம் வரைந்து காட்டினானாம்.

ஜூன் 10, செவ்வாய்

எழுத நேரமில்லை. கக்கூஸிலேயே இருந்தேன்.

ஜூன் 11, புதன்

இன்றும் அதே. கழிவெல்லாம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்கிறார். வெளியேற இனி நான் மட்டும்தான் பாக்கி. ஆரஞ்சு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் கரிப்பு இன்னும் கூடுகிறது. அதுவும் நல்ல அறிகுறியாம். கெட்ட அறிகுறி என்று இவர்கள் கம்பெனியில் ஒன்று உண்டா என்று கேட்டேன். 

ஜூன் 14, சனி

காலையில் காபி எடுத்துக்கொண்டு போனேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். பரீட்சைத் தாள் வாங்கப் போகிற பையன் முகம். "எப்பிடி இருக்கு?" என்றார்.

ராத்திரி முழுக்க மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் நிஜம். சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் அந்தச் சுவர் இருந்தது.

"பரவால்லையே, கேக்குதே" என்றேன்.

அவ்வளவுதான். மனுஷர் எழுந்து வாசலுக்கே போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் மதினி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டி, அக்கா, ஜெயக்கொடிக்கு நெஞ்செரிச்சல் நின்னுபோச்சு என்று சொல்லிவிட்டார். என் நெஞ்சு ஊர்ச் சொத்தாகிவிட்டது.

ரோஸ் பாட்டிலை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்துத் திருட்டுத்தனமாகக் குடிக்கிறேன். டப்பா மாத்திரை இரண்டையும் தினம் காலையில் முருங்கை மரத்துக்குப் போடுகிறேன். அதற்கு எரிச்சல் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டிலேயே கூட்டம். தெருப் பெண்கள் ஒரு பத்துப் பேர். பிரதீபன் முதலில் பேசினான், ஒருத்தியும் காது கொடுக்கவில்லை, என் புதுத் திரைச்சீலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் என்னை எழுப்பிவிட்டார்கள். நான் சும்மா, படுத்தால் எப்படி எதுக்களிக்கும், எப்படி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். சொர்ணக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப எப்பிடிக்கா?" என்று கேட்டாள். "பஞ்சு மாதிரி இருக்கு" என்றேன்.

எனக்கே அந்த வாக்கியம் பிடித்துவிட்டது. ராத்திரி பாத்திரம் விளக்கும்போது இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

இவர் கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் பிடித்தது. விருந்தாளிகளுக்கு வாங்கிய எண்ணெய் பரோட்டாவில் இரண்டு மிஞ்சியிருந்தது. பரோட்டாவும் டிபன்தானே.

ஜூன் 29, ஞாயிறு

மூன்றாவது கூட்டம். இப்போது நான் பேசும்போது ஓர் இடத்தில் நிறுத்திப் பெருமூச்சு விடுகிறேன். அந்த இடத்தில் டப்பா நிச்சயம் விற்கிறது. பாக்கியத்தாய் மதினியும் ஒரு செட் வாங்கினாள்.

ஜூலை 2, புதன்

ஒரு விசேஷம். அரிசி எடுக்கும்போது ரோஸ் பாட்டில் கையில் வந்தது. சும்மா லேபிளைப் படித்தேன். உள்ளே என்ன மருந்து என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: மெக்னீசியம் ஹைட்ராக்சைடு.

மெக்னீசியம்!

அரிசிக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் நான் ஊர் முழுக்கச் சொன்னது பொய்யே இல்லை. எனக்கு எரிச்சல் கொஞ்சமாவது அடங்குவது மெக்னீசியத்தால்தான். பாட்டிலில் வந்தால் என்ன, டப்பாவில் வந்தால் என்ன? இத்தனை நாள் சாமி கும்பிடும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது, இன்று நிமிர்ந்து நின்று கும்பிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

டாக்டரிடம் போனேன். மெக்னீசியம் என்று ஆரம்பித்ததுமே கையை நீட்டி டைரியைக் கேட்டார். நல்லவேளை, ஊக்கு குத்தியிருந்தேன்.

படிக்கப் படிக்க அவர் புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ராத்திரி சாப்பிடலைன்னு எழுதியிருக்கீங்க. அதுக்குப் பக்கத்துலயே நாலு தோசைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா டாக்டர். தோசை டிபன்தான?"

"அப்ப சாப்பாடுன்னா?"

"சோறு" என்றேன். இதுகூடத் தெரியாமல் எப்படிப் படித்துப் பாஸ் செய்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தவர், நர்ஸ் எட்டிப் பார்க்கும்வரை நிறுத்தவில்லை. அப்புறம் நிதானமாகச் சொன்னார். இட்லி, தோசை, விரதப் பலகாரம், பிரசாதம், நின்றுகொண்டு வாயில் போட்டது, வீணாகக் கூடாதென்று தின்றது எல்லாமே வயிற்றுக்குச் சாப்பாடுதானாம். வயிறு பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்வதில்லையாம். காபியும் கணக்கில் உண்டாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மெக்னீசியத்துக்கும் பதில் சொன்னார். பாட்டிலில் இருக்கிற மெக்னீசியம் வயிற்றில் இருக்கிற அமிலத்தை அந்த இடத்திலேயே அடக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. டப்பாவில் இருப்பது வேறு வகை. உடம்பில் மெக்னீசியம் குறைந்தவர்களுக்கு, அதுவும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துக் கொடுப்பது. அது நெஞ்செரிச்சலைத் தீர்க்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அளவு கூடினால் வயிற்றாலே போகும். ஆரஞ்சு மாத்திரை புளிப்பு, சிலருக்கு எரிச்சலை அதுவே கூட்டும். "பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா?" என்றார்.

நிமிர்ந்து கும்பிட்டது ஒரே ஒரு நாள்தான்.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் ஆறரைக்கே ராத்திரி டிபனை முடித்துவிடுகிறேன். விரதம் வேண்டாம் என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். காபி ஒன்று. வடை மிஞ்சினால் காக்காய்க்கு. ஒரு வாரமாக நெஞ்சு எரியவே இல்லை. ரோஸ் மருந்துகூட வேண்டியிருக்கவில்லை.

நிஜமாகவே பஞ்சு மாதிரிதான் இருக்கிறது. இதைச் சொல்லி மகிழ ஆள் இல்லை, ஏனென்றால் போன மாசமே எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

வருகிற இருபத்தேழாம் தேதி கல்யாண மண்டபத்தில் கம்பெனியின் பெரிய கூட்டம். இவருக்குச் சில்வர் பதவி. நான் மேடையில் பேச வேண்டும். இவர் ராத்திரி தூக்கத்தில் சிரிக்கிறார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கூழ் கொடுக்கப் பாக்கியத்தாய் மதினி வீட்டுக்குப் போனேன். மதினிக்கு மூட்டுவலி, பல வருஷமாக வலி மாத்திரை போடுகிறாள். அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க டாக்டர் கொடுத்த இன்னொரு மாத்திரையும் உண்டு. அந்த வயிற்று மாத்திரை அட்டை பிரிக்காமல் குப்பைக் கூடையில் கிடந்தது. பக்கத்தில் எங்கள் டப்பா, பாதி காலி.

மதினியே சொன்னாள். ஒனக்கே கேட்டுச்சே, எனக்குக் கேக்காதா, எதுக்கு ரெண்டு மாத்திரன்னு நிப்பாட்டிட்டேன் என்றாள். வலி மாத்திரையை நிறுத்தவில்லை.

நான் கூழ்ச் செம்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் என்ன டாக்டரா? கூட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 20, ஞாயிறு

மேடைக்கு எந்தப் புடவை என்று பார்த்தேன். மெரூன் நன்றாக இருக்கிறது.

ஜூலை 23, புதன்

மதினி காலையில் வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். காபித்தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாக. அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு நானும் இவரும்தான் போனோம். என் மடியில் அவள் தலை இருந்தது. கை சில்லென்று இருந்தது.

வயிற்றுப் புண் உடைந்து ரத்தம். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று மத்தியானத்துக்கு மேல்தான் சொன்னார்கள். பெரிய டாக்டர், வயிற்று மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். மதினி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

இவர் வராந்தாவில் நின்றுகொண்டு, ஒருத்தருக்கு ஒத்துக்கும், ஒருத்தருக்கு ஒத்துக்காது, ஒனக்குக் கேட்டுச்சே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை 24, வியாழன்

சொல்லிவிட்டேன். ரோஸ் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். முருங்கை மரத்தைச் சொன்னேன், ஆறு இட்லியைச் சொன்னேன், குப்பைக் கூடையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்ததையும் சொன்னேன்.

"ஏன் பொய் சொன்ன?" என்றார்.

"நீங்க எந்திரிச்சு உக்காந்தீங்க. மறுபடி படுத்துருவீகளோன்னு பயந்தேன்."

 போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 26, சனி

"ம்."

இரண்டு நாளாக இதுதான். ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போய் வருகிறேன். மதினி கஞ்சி குடிக்கிறாள்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். சாயங்காலம் அவர் முதுகிடம் போய், நாளைக்கு நான் எப்பவும் போலப் பேசுறேன், நீங்க எந்திரிச்சு வாங்க என்றேன். ஒருத்தியை ஆஸ்பத்திரியில் போட்ட அதே வாயால் மறுபடி அதையே பேச ஒத்துக்கொண்டேன். மதினியைவிட இந்த முதுகுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இப்படிப்பட்டவள்தான் நான்.

"ம்" என்றார். ஆனால் எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

மண்டபம் நிறைந்த கூட்டம். ஆளுயரத்துக்கு ஒரு டப்பா அட்டையில் செய்து நிறுத்தியிருந்தார்கள். பிரதீபன் இன்று கழுத்தில் டையும் கட்டியிருந்தான், வேர்த்துக் கொட்டியது. இவரை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

மைக்கைப் பிடித்தேன். "படுத்தா போதும், புளித்தண்ணி ஏறி எதுக்களிக்கும்" என்று ஆரம்பித்தேன். பழகிய வாய், அதுபாட்டுக்கு ஓடியது. பெருமூச்சு விடுகிற இடம் வந்தது. விட்டேன். அப்போது இவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எஞ் சம்சாரத்துக்கு இந்த டப்பாவால கேக்கல" என்றார். "டாக்டர் மருந்தும், ராத்திரி வயித்தக் காயப்போட்டதுந்தான் கேட்டுச்சு. இத நம்பி மாத்திரைய நிப்பாட்டுன அக்கா ஒருத்தவுக ஆஸ்பத்திரில கெடக்காக. நான் வித்ததுதான்."

பிரதீபன் சைகை காட்ட, மைக்கை அணைத்துவிட்டார்கள். முப்பது வருஷம் பருப்பு உடைக்கிற மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிய குரலுக்கு மைக் எதற்கு? டாக்டர் மாத்திரையை யாராவது நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்று கடைசி வரிசைவரை கேட்கச் சொன்னார். மாலையைக் கழற்றி அந்த அட்டை டப்பாவின் மேல் வைத்தார். யாரும் கை தட்டவில்லை. ஒருத்தர் எங்களைப் போங்கய்யா என்றார், போனோம்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். பிழிந்த துணி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் படுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 28, திங்கள்

எனக்கு முன்னால் எழுந்து குளித்துக் கையில் இரண்டு சாக்குப் பையோடு நின்றார். வாங்கினவர்கள் வீடு வீடாகப் போய் டப்பாவைத் திரும்ப வாங்கப் போகிறாராம், யார் யார் என்ன மருந்தை நிறுத்தினார்கள் என்று கேட்கப் போகிறாராம். நல்லது, போயிட்டு வாங்க என்றேன்.

"நீயும் வா" என்றார். "நான் சொல்லியா வாங்குனாக? நீ பேசுனதக் கேட்டுல்ல வாங்குனாக."

அதற்கு எனக்கு ஊக்கு குத்த இடமில்லை. போனேன்.

முதல் வீட்டில் திட்டினார்கள், வாங்கிக்கொண்டோம். இரண்டாவது வீட்டில் டப்பாவை உடைக்கவே இல்லை, கொலுவில் வைக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தார்கள். மூன்றாவது, சொர்ணக்கிளி. சர்க்கரை மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாகிறதாம். நான் பஞ்சு என்று சொன்னது பொய், எல்லாம் பொய், டப்பாவைக் கொடுத்துவிடு, மாத்திரையைப் போடு என்றேன். அவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்கு நல்லாக் கேக்குதுக்கா. நீங்க நல்லானா மட்டும் போதும், நான் நல்லாயிரக் கூடாது. ஒங்களுக்கு வயித்தெரிச்சல்."

இவர் என்னைப் பார்த்தார். நான் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆமாடி, வயித்தெரிச்சல்தான்" என்றேன். "ஒன் மாத்திர அட்டைய எடுத்துட்டுக் கெளம்பு, டாக்டர்ட்டப் போவோம். நீ வர்றவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

மத்தியானம் ஆகிவிட்டது. இவரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணிக்கு மேல் சொர்ணக்கிளி முணுமுணுத்துக்கொண்டே புடவை மாற்றப் போனாள். இன்னும் பதினேழு வீடு இருக்கிறது.